பட்டியலில் இல்லாதவன்

அத்தியாயம் 14

அந்தப் பொட்டலம் வந்து ஐந்து நாளாகியும் குட்டி அதை மேசையிலிருந்து எடுக்கவில்லை. தொடவே பயம்.

உள்ளே இருந்தது ஒரு மூக்குக்கண்ணாடி. அவளுடையதேதான். நான்கு மாதங்களுக்கு முன், கணவன் குளியலறையில் இருந்த நேரம் பார்த்து, ஒரு பையும் மடிக்கணினியுமாக அவள் அந்த வீட்டைவிட்டு வெளியேறியபோது விட்டுவந்த பழைய கண்ணாடி. இப்போது அவள் இருப்பது அண்ணன் வீட்டில். அண்ணன் இந்த வீட்டுக்குக் குடிவந்ததே அதற்குப் பிறகுதான். விலாசம் கணவனுக்குத் தெரிய வழியே இல்லை. ஆனாலும் பொட்டலத்தின் மேல் கதவு எண் வரைக்கும் சுத்தமாக எழுதியிருந்தது.

அதைவிட மோசம், அவள் போட்டிருந்த கண்ணாடி உடைந்ததே அதற்கு இரண்டு நாள் முன்புதான். அதைச் சொன்னது ஒரே ஒரு தோழியிடம், கணினியில் முகம் பார்த்துப் பேசும்போது.

"அவதான் சொல்லியிருக்கா. வேற யாரு?" என்று அண்ணன் அந்தத் தோழிக்குப் போன் போட்டுக் கத்தித் தீர்த்துவிட்டார். குட்டிக்கு மிச்சமிருந்த ஒரே தோழியும் அன்றோடு போனாள்.

முப்பது வயதாகியும் அண்ணனுக்கு அவள் குட்டிதான். பட்டப்பெயர் வைப்பதில் அவர் மன்னர். பெண்டாட்டிக்கு வைத்த பெயர் 'துப்பு'. கணினிக் குற்றங்களை ஆராயும் தடய ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. "ஊர்ல எல்லாரும் என்னைத் துப்புக் கெட்டவன்னு சொன்னாங்க. அதான் துப்பையே கட்டிக்கிட்டேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

வியாழக்கிழமை காலை அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

"அண்ணி, மூணு மணிக்கு வக்கீலைப் பார்க்கணும். போயிட்டு வந்துடுவேன்ல?"

"அதென்ன கேள்வி? நாலு ஸ்டாப்புதானே?" என்றாள் துப்பு, செருப்பை மாட்டியபடி.

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

கட்டட வரைவாளரான அண்ணன் வரைபடக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு, தங்கையின் முகத்தைப் பாராமலே படியிறங்கினார். துப்புவின் கைப்பையில் ஒரு சின்ன வன்வட்டு இருந்தது. அதில் குட்டியின் மடிக்கணினி நினைவகத்தின் நகல்.

அது முந்தின நாள் மாலை எடுத்தது. ஆய்வகத்துக்குப் புதிய கருவி ஒன்று வாங்க வேண்டும், போட்டியில் மூன்று. சோதித்துப் பார்க்க, வைரஸ் புகுந்து கெட்டுப்போன கணினி ஒன்றின் நினைவகம் ஏற்கெனவே இருந்தது. கெடாத சாதாரண வீட்டுக் கணினி ஒன்றும் தேவைப்பட்டது. "என்னோடதை எடுத்துக்கோங்க அண்ணி. அதுல என்ன இருக்கு, தையல் டிசைன்தானே" என்று குட்டியே கொடுத்தாள்.

---

கணினியின் வட்டு ஓர் அலமாரி என்றால், நினைவகம் மேசை. இந்த நிமிடம் என்னென்ன வேலை நடக்கிறதோ அத்தனையும் மேசைமேல் பரப்பியிருக்கும். அணைத்துவிட்டால் மேசை துடைத்துவிட்டாற்போல் காலி. புத்திசாலித் திருடன் அலமாரியில் கண்ணில் படும்படி தடயம் வைக்க மாட்டான். மேசையிலேயே வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவான். ஓடிக்கொண்டிருக்கும்போதே மேசையை அப்படியே படமெடுத்து, அதில் எது யாருடையது என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் இந்தக் கருவிகள்.

மூன்றுக்கும் ஆய்வகத்தில் பெயர் வைத்தாயிற்று. விலை அதிகமான, வண்ண வண்ணத் திரை கொண்ட கருவி 'மாப்பிள்ளை'. எதற்கெடுத்தாலும் பிழை காட்டி நின்றுவிடுவது 'கோபக்காரன்'. மூன்றாவது இலவசம். வண்ணமும் கிடையாது, பொத்தானும் கிடையாது. கேள்வியைச் சரியாகத் தட்டெழுதினால்தான் பதில் வரும். அது 'வாத்தியார்'.

குட்டியின் கணினியில் இருந்தது புதிய பதிப்பு. அதைப் படிக்கத் தெரியாது என்று சொல்லிக் கோபக்காரன் முதலிலேயே முறுக்கிக்கொண்டது. மாப்பிள்ளை நாலே நிமிடத்தில் பச்சை விளக்கு காட்டியது. ஓடும் நிரல்கள் நூற்று நாற்பத்தெட்டு, ஆபத்து எதுவுமில்லை.

வாத்தியாரை அவள் இரண்டு விதமாகக் கேட்டாள். முதலில், பட்டியலைப் படி என்றாள். நூற்று நாற்பத்தெட்டு என்றது. பிறகு, பட்டியலை நம்பாதே, நினைவகம் முழுவதையும் துழாவு என்றாள். முதலாவது, வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஆள் சொல்வது. இரண்டாவது, ஒவ்வோர் அறையாகக் கதவைத் திறந்து தலையை எண்ணுவது.

தலை நூற்று நாற்பத்தொன்பது இருந்தது.

துப்பு திரும்பவும் எண்ணவைத்தாள். நூற்று நாற்பத்தொன்பது.

"முடிஞ்சுபோன நிரலோட மிச்சமா இருக்கும்" என்றார் பக்கத்து மேசைக்காரர். கணினிகளை நகலெடுப்பதே அவர் வேலை என்பதால் அவர் பெயர் ஜெராக்ஸ். "செத்த நிரலெல்லாம் கொஞ்ச நேரம் மேசையிலேயே கிடக்கும். தெரியாதா உங்களுக்கு?"

"செத்திருந்தா முடிஞ்ச நேரம் பதிவாகியிருக்கணும்."

"இல்லையா?"

"இல்ல. கணினி போட்டு ஒரு நிமிஷத்துல ஆரம்பிச்சிருக்கு. முடியவே இல்ல."

ஜெராக்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த நிரல் வெளியே யாருடனாவது பேசுகிறதா என்று வாத்தியாரைக் கேட்டார்கள். பேசுகிறது. அறிமுகமில்லாத ஒரு முகவரியோடு இணைப்பு திறந்தே இருந்தது. கணினியின் மைக்கும் திறந்தே இருந்தது.

அந்தக் கணினி எப்போதும் இருப்பது குட்டியின் அறையில். குட்டி தூங்குவது அந்த அறையில். அழுவதும் அந்த அறையில்.

நிரலின் பகுதியை மட்டும் தனியே பிரித்தெடுத்து, அதிலுள்ள எழுத்துகளைத் தேடினாள். பக்கம் பக்கமாகக் குப்பை. அதற்கு நடுவே ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். விசைப்பலகையில் தட்டுவது எல்லாவற்றையும், இந்த வீட்டு விலாசம் உட்பட, அது திருடி வைத்திருந்தது. அனுப்பியது மட்டுமில்லை, தட்டிவிட்டு அழித்ததும்கூட.

'வியாழன் மூணு மணிக்கு வரேன் மேடம்.'

'பயமா இருக்கு.' அதை அழித்திருந்தாள்.

'தனியா வரதுக்கு பயமா.' அதையும் அழித்திருந்தாள்.

'தனியாத்தான் வருவேன். கண்டிப்பா வந்துடறேன்.'

"இன்னிக்கு என்ன கிழமை?" என்று துப்பு கேட்டாள். தெரியாமல் கேட்கவில்லை. வேறு யாராவது வேறு கிழமை சொல்லமாட்டார்களா என்றிருந்தது.

"வியாழன்" என்றார் ஜெராக்ஸ்.

மணி ஒன்று நாற்பது.

---

போனை எடுத்தவள், எண்ணை அழுத்துமுன் நின்றாள். குட்டி இந்நேரம் கணினி முன்னால்தான் உட்கார்ந்திருப்பாள். தெரிந்துவிட்டது என்று குட்டியின் கணவனுக்குத் தெரிந்தால் அங்கிருந்தபடியே நிரலை அழித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வான். அதோடு விட்டால் பரவாயில்லை. மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்த மனுஷன் என்ன செய்வான் என்று யார் கண்டது?

"குட்டி, மாடியில துணி காயுதில்ல? போய் எடுத்துடு. மழை வர்ற மாதிரி இருக்கு."

"மழையா? இங்க வெயில் மண்டையைப் பொளக்குது அண்ணி."

"இங்க இருட்டிட்டு வருது. போய் எடு."

"காயட்டுமே, மூணு மணிக்கு நான் கிளம்பறப்ப..."

"குட்டி!" குரல் தடித்ததும் தன்னைத் தானே கிள்ளிக்கொண்டாள். "என் பட்டுச்சேலை அங்க கிடக்கும்மா. நனைஞ்சா போச்சு."

 அண்ணி எந்தக் காலத்திலும் பட்டுச்சேலையை வீட்டில் துவைத்தவளில்லை. குட்டிக்குப் புரிந்தது. என்ன என்று புரியவில்லை. ஏதோ என்று புரிந்தது.

"சரி அண்ணி. போறேன்."

படியேறும் சத்தம். கதவுச் சத்தம். காற்றுச் சத்தம்.

"சொல்லுங்க" என்றாள் குட்டி. 

துப்பு சொன்னாள். சுருக்கமாக, ஒன்றையும் மறைக்காமல். 

"அப்ப அவ சொல்லல" என்றாள் குட்டி கடைசியில்.

"யாரு?"

"என் ஃப்ரெண்டு. அவ ஒண்ணும் சொல்லல. நாமதான் அண்ணி அவளை..." முடிக்க முடியவில்லை.

"அதை அப்புறம் சரி பண்ணிக்கலாம். இப்ப நான் சொல்றதைக் கேளு. வக்கீல்கிட்ட போகாத. நான் பேசிக்கறேன். கதவைச் சாத்திக்கோ. ஆனா கணினியை மட்டும் அணைச்சுடாத."

"அதே ரூம்ல உட்காரணுமா நான்?"

"எப்பவும் போல தையல் வீடியோ ஏதாவது ஓட விட்டுடு. சாயங்காலம் வரைக்கும்தான்."

"அவன் கேட்டுக்கிட்டே இருப்பான் அண்ணி."

"கேக்கட்டும். ஒண்ணும் கிடைக்காது அவனுக்கு."

தைரியமாகத்தான் சொன்னாள். போனை வைத்ததும் வக்கீலைக் கூப்பிட்டு, குட்டி வரமாட்டாள் என்று சொன்னாள்.

---

ஆய்வகத்தின் இயக்குநர் அம்மாள் முழுவதையும் நின்றபடியே கேட்டார். உட்கார்ந்து கேட்கிற விஷயமாக அவருக்குப் படவில்லை.

"மாப்பிள்ளை பச்சைன்னு சொல்லுது. வாத்தியார் சிவப்புன்னு சொல்லுது. எதை நம்பறது?"

"மாப்பிள்ளை பதிவேட்டை மட்டும் பார்க்குது மேடம். இந்த நிரல் பதிவேட்டுலேர்ந்து தன் பேரை அழிச்சுக்கிட்டிருக்கு."

"உனக்கு உன் நாத்தனாரைப் பத்தின பயத்துல அப்படித் தோணுதா?"

சுருக்கென்றது. ஆனால் கேட்கவேண்டிய கேள்விதான். துப்பு இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"மாப்பிள்ளைகிட்ட எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேட்டா வழி சொல்லாது. பச்சை, சிவப்பு, அவ்வளவுதான். வாத்தியார் எந்த இடத்துல எந்த எழுத்தைப் பார்த்துச் சொல்லுதுன்னு ஒவ்வொரு படியா காட்டும். இதே நகலை வேற யார் போட்டுப் பார்த்தாலும் இதே பதில்தான் வரும். நாளைக்குக் கோர்ட்டுல குறுக்கு விசாரணைன்னு வந்தா, நான் பயந்தேனா இல்லையாங்கிறது அங்க எடுபடாது மேடம்."

இயக்குநர் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கருவி முடிவாயிடுச்சு. வாத்தியார்தான். ஆனா நீ இனிமே இந்த நகலைத் தொடக்கூடாது. உன் வீட்டு விஷயம், நீ எடுத்த நகல். ரெண்டும் சேர்ந்தா வக்கீலுங்க கிழிச்சுத் தொங்கவிட்டுருவாங்க. ஜெராக்ஸ் உன் வீட்டுக்கு வந்து முறையா இன்னொரு நகல் எடுப்பார். போலீசுக்கு நான் பேசறேன்."

மூன்று இருபத்தைந்துக்கு வக்கீல் கூப்பிட்டார்.

"நீங்க சொன்னது நல்லதாப் போச்சும்மா. மூணு மணிக்கு ஒருத்தர் வந்தார். என் மனைவி உள்ள இருக்காங்களா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்தேன்னார். ரொம்ப மரியாதையாப் பேசினார். இருபது நிமிஷம் வாசல்லயே நின்னுட்டு இப்பத்தான் போறார்."

இனி மிச்சம், பிழை என்ற பேச்சுக்கே இடமில்லை. வாத்தியார் சொன்ன ஆள் நேரிலேயே வந்து நின்றிருக்கிறான்.

கிளம்பும்போது இயக்குநர் அவளைத் தனியே கூப்பிட்டார். இந்தத் தடவை உட்காரச் சொன்னார்.

"இதை நீ தெரிஞ்சுக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும். அந்த நிரல் உன் நாத்தனார் வீட்டைவிட்டு வர்றதுக்கு முன்னாடி போட்டதில்ல. பதினோரு நாளைக்கு முன்னாடி, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு பத்துக்கு உள்ள வந்திருக்கு. ஒரு பென்டிரைவ் வழியா. டிரைவோட பேரும் நினைவகத்துல இருக்கு."

இயக்குநர் நீட்டிய சீட்டில் எழுதியிருந்ததைத் துப்பு படித்தாள். 'வரைபடம்'.

அந்தப் பேரை அந்த டிரைவுக்கு வைத்தவளே அவள்தான். தன் கணவரின் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தது.

---

வீடுவரை வண்டியில் ஜெராக்ஸ் என்னென்னவோ பேசினார். ஒன்றும் காதில் ஏறவில்லை. ஒன்பது வருடமாக ஒரே தலையணையைப் பகிர்ந்துகொண்ட மனுஷன். அவர் ஏன்? தங்கை என்றால் உயிரை விடுகிறவர். அப்படித்தானே இத்தனை நாளும் நினைத்தாள்? பொட்டலம் வந்த அன்று அவர் போட்ட கூச்சல் இப்போது வேறு மாதிரி கேட்டது.

குட்டி கதவைத் திறந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளே யாரோ ஒரு பெண் கழுத்துப்பட்டி தைப்பது எப்படி என்று கணினியில் சளசளத்துக்கொண்டிருந்தாள். ஜெராக்ஸ் செருப்பைக் கழற்றி, பூனைபோல நடந்து போனார். தட்டெழுதினால் அவனுக்குத் தெரிந்துவிடும். ஆகவே விசைப்பலகையைத் தொடாமல், வன்வட்டைச் செருகி, மவுஸாலேயே நகலைத் தொடங்கினார். நகலெடுத்தது இருப்பதிலேயே சின்ன நிரல், மேசையில் அதிகம் இடம் அடைக்காதது. பிறகு ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார்: 'பழைய கணினி. நாற்பது நிமிடம். அணையக் கூடாது.'

மணி ஐந்தே கால்.

ஐந்து இருபதுக்குத் துப்புவின் கணவர் வந்தார். ஆறரைக்கு முன் ஒருநாளும் வராதவர்.

துப்பு அவர் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டாள்.

"ஏங்க, போன ஞாயித்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை உங்க பென்டிரைவை யார்கிட்ட குடுத்தீங்க?"

"எந்தப் பென்..." வார்த்தை பாதியில் நின்றது. பொய் சொல்ல வராத மனுஷன். முகம் அப்படியே தொங்கிப்போயிற்று.

"சொல்லுங்க."

"அவன் ஆபீசுக்கு வந்தான்" என்றார். "அழுதான் துப்பு. ஆம்பிளை, தேம்பித் தேம்பி அழுதான். குட்டியோட படிப்புச் சான்றிதழெல்லாம் என்கிட்ட கிடக்கு, வேலை தேடறதுக்கு வேணும்ல, ஸ்கேன் பண்ணித் தர்றேன்னான். டிரைவை வாங்கி ஏத்திக் குடுத்தான். வந்து அவ கணினியில போட்டேன். நானே பண்ணி வெச்சதா அவகிட்ட சொன்னேன். விலாசம் சத்தியமா சொல்லல."

"பொட்டலம் வந்தப்ப உங்களுக்கு உறைக்கலையா?"

"கேட்டேனே! ஃப்ரெண்டு சொன்னான்னான். நம்பிட்டேன்."

"நம்பினீங்களா, நம்பிக்கிட்டீங்களா?"

 அவர் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார். பிறகு, தரையைப் பார்த்தபடி, குழந்தை குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில் சொன்னார்.

"ஒரே ஒரு தடவை நேர்ல மன்னிப்பு கேட்டுட்டுப் போயிடறேன்னான். சேர்ந்து வாழ மாட்டாங்களான்னு எனக்கு ஒரு ஆசை. ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன்."

"எந்த நாள் ஆறு மணி?"

"இன்னிக்கு."

கதவு திறந்தது. குட்டி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. அண்ணனை அவள் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும்.

துப்பு இயக்குநரை அழைத்தாள். போலீஸ் கிளம்பிவிட்டது, வந்துகொண்டிருக்கிறது என்றார். எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை.

ஐந்து நாற்பத்தேழுக்கு அழைப்புமணி அடித்தது.

ஜெராக்ஸ் அறைக்குள்ளிருந்து காகிதத்தை நீட்டினார். 'எட்டு நிமிடம்.'

"நான் போய்த் திருப்பி அனுப்பிடறேன்" என்று அண்ணன் எழுந்தார்.

"வேண்டாம்ணா" என்றாள் குட்டி. "நீ போனா அவன் உள்ள வந்துடுவான். அவனை வேண்டாம்னு சொல்ல உனக்கு வராது."

மெல்லத்தான் சொன்னாள். அவர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

அவளே நடந்தாள்.  துப்பு பின்னாலேயே போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "திறக்காத. மூடின கதவோட பேசு. எட்டே நிமிஷம்."

குட்டி கதவில் உள்ளங்கையை வைத்தாள், அதைத் தாங்கிப் பிடிப்பதுபோல. "உள்ளதான் இருக்கேன்" என்றாள்.  "கதவு திறக்காது. என்ன சொல்லணுமோ அங்கேயே நின்னு சொல்லிட்டுப் போ."

வெளியே சத்தமில்லை. அறைக்குள் எழுந்து நிற்கப் பார்த்த ஜெராக்ஸின் நாற்காலி மட்டும் தரையில் லேசாக உராய்ந்தது. கதவுக்கு வெளியே அது கேட்டிருக்க வாய்ப்பே இல்லை.

 பிறகு, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, ரொம்ப மரியாதையான, ரொம்ப அமைதியான குரலில் அவன் கேட்டான்.

"உன் ரூம்ல நாற்காலி நகருதே. யாரு இருக்கா உள்ள?"